டாக்டர் சாரா கோடி ஓய்வு பெற்றுட்டாங்க: சான்டா கிளாரா கவுண்டிக்காரங்க கொஞ்சம் பேசுவோமா?

சன்னிவேல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். செய்தியைப் பார்த்திருப்பீங்க. நம்ம கவுண்டியில (கலிபோர்னியாவுல கவுண்டின்னா மாவட்டம் மாதிரி) ஹெல்த் ஆபீசரா இருந்த டாக்டர் சாரா கோடி 2025 ஏப்ரலோட ஓய்வு பெற்றுட்டாங்க. 1998ல கவுண்டி பொது சுகாதாரத் துறைக்கு வந்தவங்க, 2013லேர்ந்து ஹெல்த் ஆபீசரா இருந்தாங்க. கவுண்டிக்கு வர்றதுக்கு முன்னாடி சிடிசியில (மத்திய அரசோட நோய்த் தடுப்பு மையம்), நோய் எங்கேர்ந்து கிளம்பி யார் மூலமா பரவுதுன்னு தேடிக் கண்டுபிடிக்கிற பிரிவுல இருந்தாங்க. பாலோ ஆல்டோவுல வளர்ந்த உள்ளூர்க்காரங்க.

பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் 2020 மார்ச் 16 தான் ஞாபகம் வரும். கோவிட் பரவாம இருக்க, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுத்தின பே ஏரியாவுல ஆறு கவுண்டியும் பெர்க்லி நகரமும் சேர்ந்து சுமார் 67 லட்சம் பேரை வீட்டோட இருக்கச் சொன்ன நாள். அமெரிக்காவுல அதுதான் முதல் உத்தரவு. மாநிலம் முழுக்க ஆளுநர் அதையே அறிவிக்க இன்னும் மூணு நாள் ஆச்சு. அதைப் பத்தி இங்க ஆளுக்கொரு கருத்து இருக்கும், தாராளமா எழுதுங்க.

நான் எழுத வந்தது டிபி பத்தி.

இந்தக் கவுண்டியில பிள்ளையைப் பள்ளியில சேர்த்த எல்லாருக்கும் அந்த டிபி ஃபாரம் தெரியும். கிண்டர்கார்டன் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையோட அதையும் டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும். இப்போ இருக்கிற முறை 2014 ஜூன்ல வந்தது. முதல்ல கேள்விகள்: பிள்ளை எந்த நாட்டுல பிறந்தது, டிபி அதிகமா இருக்கிற ஊருக்குப் போய்த் தங்கிச்சா, கூட இருந்தவங்க யாருக்காவது வந்திருக்கா. ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னாலும் பரிசோதனை. நம்ம வீடுகள்ல அந்தக் கேள்விகளுக்கு இல்லைன்னு சொல்ற பிள்ளைகள் கம்மி. கோடை லீவு முழுக்கத் திருச்சியில தாத்தா வீட்டுல இருந்துட்டு வந்த பிள்ளைக்கு எப்படி இல்லைன்னு எழுத முடியும்?

எங்க காம்ப்ளெக்ஸ்ல ஒரு பெரியவர். மகன் வீட்டுக்கு வந்தவர், இருமல் விடவே இல்லை, எடை குறைஞ்சுக்கிட்டே போச்சு. டிபின்னு தெரிஞ்சதும் அந்த வீடு ஒடுங்கிப் போச்சு. வெளிய தெரிஞ்சா பேரனோட யாரும் விளையாட மாட்டாங்களேன்னு பயம். கவுண்டியிலேர்ந்து ஒரு அம்மா பேசினாங்க. தினமும் அவர் மாத்திரை முழுங்குறதை அவங்க கண்ணால பார்க்கணும்னு விதி. முதல்ல நேர்ல வந்தாங்க, அப்புறம் வீடியோ கால். பெரியவர் போனைச் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வச்சுட்டு, மாத்திரைகளை ஒண்ணொண்ணா நாக்குல வச்சுக் காட்டி, தண்ணி குடிச்சு, வாயைத் திறந்து காட்டுவார். ஆரம்பத்துல சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போகவும் ரத்தம்தான்னு நடுங்கிட்டார். அது ரிஃபாம்பின் மாத்திரையோட நிறம், பயப்படாதீங்கன்னு அந்த அம்மாதான் சொன்னாங்க. ஆறு மாசம் இப்படியே போச்சு. வீட்டுல எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது. பேரனுக்கு உறங்குநிலை டிபி (கிருமி உடம்புல இருக்கும், நோயா வெளிப்படாது) இருந்தது, அவனும் மருந்து சாப்பிட்டு முடிச்சான். பள்ளியில ஒருத்தருக்கும் தெரியாது. பெரியவர் இப்போ ஊர்ல நல்லா இருக்கார்.

இந்தக் கவுண்டியில டிபி வர்றது நாட்டுச் சராசரியைவிட ரொம்ப அதிகம். வர்றவங்கள்ல மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டுல பிறந்தவங்க, அதாவது நம்மளை மாதிரி ஆளுங்க. ஒரு ஹெல்த் ஆபீசரோட வேலையில பெரும்பகுதி இதுதான், டிவியில வராத பகுதி. அவங்க ஓய்வு பெற்றதும் இதை நம்ம ஆளுங்க நாலு பேராவது சொல்லணும்னு தோணுச்சு. உங்களுக்கு என்ன அனுபவம்?

பெர்ரியெஸ்ஸா_பிரியா:

நல்லபடியா ஓய்வெடுக்கட்டும். முகத்தைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு, அடுத்த நிமிஷமே விரலை நாக்குல தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாங்களே, அந்த வீடியோவைப் பார்த்து ஊரே சிரிச்சுது. எனக்கு அதுக்கப்புறம் தான் அவங்களை இன்னும் பிடிச்சுது. எங்கம்மாவும் கணக்கு நோட்டை அப்படித்தான் திருப்புவாங்க.

எவர்கிரீன்_அப்பா:

சன்னிவேல்வாசி சார், டிபி பத்தி நீங்க எழுதினதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனா எல்லாரும் பாராட்டிட்டே போனா இந்த இழை முழுமையாகாது, அதனால மாற்றுக் கருத்தை நான் எழுதறேன்.

2020ல பள்ளி மூடினப்போ என் மூத்தவன் ரெண்டாம் வகுப்பு. ஒரு வருஷத்துக்கு மேல லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்திருந்தான். சரளமா வாசிச்சுட்டிருந்த பையன், திரும்பப் பள்ளிக்குப் போனப்போ சத்தம் போட்டு வாசிக்கவே கூச்சப்பட்டான். யார் எடுத்த முடிவுன்னு கேட்டா இன்னைக்கும் ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க. பதில் சொல்ல வேண்டியது யாருன்னே தெரியாத மாதிரி ஒரு ஏற்பாடு, என் கோபம் அதுமேலதான்.

ஹெல்த் ஆபீசரை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறதில்லை. ஆனா அந்த ஒருத்தர் கையெழுத்துப் போட்டா 19 லட்சம் பேர் வீட்டுக்குள்ள இருக்கணும், மீறினா குற்றம். மார்ச் 2020ல எதுவும் தெரியாத நேரம், அந்தக் கையெழுத்தை நான் குறை சொல்லல. 2021லயும் 2022லயும் அதே அதிகாரம் தொடர்ந்ததைத்தான் கேட்கறேன். 2022 பிப்ரவரி 16ல மாநிலம் மாஸ்க் விதியை எடுத்தப்போ, பே ஏரியாவுல மத்த கவுண்டிகளும் எடுத்தாங்க. நம்ம கவுண்டி மட்டும் மார்ச் 2 வரைக்கும் வச்சிருந்தது. எதுக்கு?

கணக்குப்பிள்ளை:

@எவர்கிரீன்_அப்பா, மாஸ்க் கேள்விக்கு அவங்க அப்பவே காரணம் சொன்னாங்க. தொற்று எண்ணிக்கையில ஒரு வரம்பு வச்சு, அதுக்குக் கீழ இறங்கினாத்தான் எடுப்போம்னாங்க, இறங்கினதும் எடுத்தாங்க. அந்த வரம்பு சரியா தப்பாங்கறது வேற கேள்வி, அதை விவாதிக்கலாம்.

பள்ளி விஷயத்துல தேதி வரிசையைப் பாருங்க. 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, கவுண்டியில இருக்கிற பள்ளி மாவட்டங்கள் மூடறதா அறிவிப்பு வந்தது. ஜூலை 17ல ஆளுநர் மாநிலம் முழுக்க ஒரு விதி கொண்டுவந்தார்: கண்காணிப்புப் பட்டியல்ல இருக்கிற கவுண்டிகள்ல வகுப்புகள் ஆன்லைன்லதான் தொடங்கணும். செப்டம்பர் மாசம் நம்ம கவுண்டி, தொற்றோட அளவை வச்சு மாநிலம் போட்ட வண்ண அடுக்குகள்ல, சிவப்பு அடுக்குக்கு வந்தது. அதுக்கப்புறம் பள்ளியைத் திறக்க ஹெல்த் ஆபீசர் பக்கம் தடை இல்லை. சில தனியார் பள்ளிகள் திறந்தாங்க. அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் 2021 வசந்தகாலம் வரைக்கும் திறக்கல. அந்த முடிவு ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தோட போர்டு கையிலயும், ஆசிரியர் சங்கத்தோட நடந்த பேச்சுவார்த்தையிலயும் இருந்தது.

உங்க பையனுக்கு நடந்தது ரொம்ப வருத்தமான விஷயம். என் அக்கா பொண்ணுக்கும் அதே கதைதான். ஆனா அதை அந்த ஒருத்தர் தலையில கட்டறது சரியா வராது.

எவர்கிரீன்_அப்பா:

அவங்க தலையில நான் கட்டலயே சார். யாருக்கு என்ன பொறுப்புன்னு மக்களுக்குத் தெரியாமப் போச்சுன்னுதான் சொன்னேன். இப்போ நீங்க எழுதின தேதி வரிசை 2020ல எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எனக்கு இன்னைக்குத்தான் தெளிவா புரியுது.

அடுப்படி:

நான் சின்ன அளவுல கேட்டரிங் பண்றவன். வளைகாப்பு, அரங்கேற்றம், முதல் பிறந்தநாள், இதெல்லாம்தான் என் பிழைப்பு. 2020 மார்ச்லேர்ந்து ஒண்ணுமே இல்லை. இட்லி மாவு அரைச்சு டப்பாவுல வித்தோம். என் வீட்டம்மா ஒரு அப்பார்ட்மென்ட் வாசல்ல மாவு டப்பாவை வச்சுட்டுத் தள்ளி நிற்பாங்க, வாங்கறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க, காசு செல்லில் வரும்.

எனக்கு வலிச்சது டிசம்பர்தான். மாநிலம் ஐசியு படுக்கை எண்ணிக்கையை வச்சு ஒரு புது விதி போட்டது. அது கட்டாயமாகறதுக்கு முன்னாடியே பே ஏரியா கவுண்டிகள் தாங்களே முன்வந்து அமல்படுத்தினாங்க. நம்ம கவுண்டியில டிசம்பர் 6 ராத்திரியிலேர்ந்து. ஓட்டல்காரங்க வெளிய கூடாரம், ஹீட்டர், மேசைன்னு கடன் வாங்கிப் போட்டிருந்தாங்க. எல்லாத்தையும் மடக்கி வைக்க வேண்டியதாச்சு. ஜனவரி 25ல மாநிலம் எடுத்த பிறகுதான் மறுபடி விரிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விரிக்கவே இல்லை, கடையை விட்டுட்டு டெக்ஸஸ் போயிட்டார்.

இவ்வளவும் சொல்லிட்டு இதையும் சொல்றேன். அந்த ஜனவரியில எங்க மாமனார் ஆஸ்பத்திரியில இருந்தார். அவருக்குப் படுக்கை கிடைச்சது. அதனால எனக்குக் கோபமும் இருக்கு, நன்றியும் இருக்கு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கன்னா என்னால சொல்ல முடியாது.

யாழ்_தாதி:

அடுப்படி அண்ணா, உங்கட மாமனாருக்குக் கட்டில் கிடைச்சது எண்டு வாசிக்க மனசு நிறைஞ்சு போச்சு. நான் இஞ்ச ஒரு ஆஸ்பத்திரியில தாதியா இருக்கிறன். 2020 டிசம்பரும் 2021 ஜனவரியும் எனக்கு மறக்கேலாது. ஐசியு நிரம்பி, மற்ற வார்ட்டுகளையும் ஐசியு மாதிரி மாத்தினவை. கொரிடோரில ஓடேக்க, இன்னும் ரெண்டு பேர் கீழ காத்துக்கொண்டு நிக்கினம் எண்டு சொல்லுவினம். ஐபாடைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, பிள்ளையளோட கடைசியாக் கதைக்க வச்சிருக்கிறன்.

வெளியில மேசையை மடக்கின ஆக்களின்ர கஷ்டம் பெரிசுதான். உள்ளுக்க நிண்ட எங்களுக்கு அந்த முடிவு கொஞ்சம் மூச்சு விட இடம் தந்தது. டொக்டர் கோடி அப்ப எடுத்த முடிவெல்லாம் சரியோ பிழையோ எண்டு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா கேஸ் கூடுது, கூடுது எண்டு முன்கூட்டியே சொன்ன ஆள் அவதான்.

இன்னொண்டு. அவவுக்கு வந்த மிரட்டல் கடிதங்கள் ஞாபகமோ? 2020 ஆகஸ்டில ஒருத்தரைக் கைது செய்தவை. அவவின்ர பாதுகாப்புக்கு ஆக்களைப் போட்டவை. அந்த வருஷம் கலிபோர்னியாவில எத்தினை ஹெல்த் ஆபீசர்மார் வேலையை விட்டிட்டுப் போனவை! ஆரஞ்ச் கவுண்டியில மாஸ்க் உத்தரவு போட்டதுக்காகவே வீட்டு முகவரியை வாசிச்சு மிரட்டி, அந்த டொக்டர் ஜூன் மாசமே ராஜினாமா செய்தவ. இவ போகேல்ல. இன்னும் அஞ்சு வருஷம் நிண்டு, தன்ர நேரத்திலதான் போனவ.

மில்பிடாஸ்_மீனா:

அக்கா, உங்க பதிவைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல.

எங்க அம்மா அப்பா 2020 ஜனவரியில வந்தாங்க, ஏப்ரல்ல திரும்பறதா டிக்கெட். மார்ச் 22லேர்ந்து இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திடுச்சு. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டும். ஊர்லேர்ந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துட்டே வருது, விசிட்டர் இன்ஷூரன்ஸை நம்பி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. விசா நீட்டிப்புக்கு ஒரு பக்கம் மனு. அந்த நிலைமையில எங்களுக்கு ஆறுதலா இருந்தது கவுண்டி போட்ட கேள்வி-பதில் பக்கம்தான். வாக்கிங் போகலாமா, போகலாம், ஆறு அடி தள்ளி. மருந்துக் கடைக்குப் போகலாமா, போகலாம். வேற வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா, கொடுக்கலாம். வக்கீல் பாஷையில இல்லாம, வீட்டுல ஒருத்தர் கேட்டா எப்படிச் சொல்வோமோ அப்படி இருந்துச்சு.

கவுண்டி அறிவிப்புகள் ஸ்பானிஷ், வியட்நாமிய, சீன, டகாலோக் மொழிகள்ல வரும். அப்பாவுக்காக நான் அந்தக் கேள்வி-பதிலைத் தமிழ்ல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அவர் அதைத் தன்னை மாதிரி இங்க மாட்டிக்கிட்ட நாலஞ்சு பெரியவங்களுக்கு அனுப்ப, ஃப்ரீமான்ட்லேர்ந்து ஒரு மாமா போன் பண்ணி, "அம்மா, இது எங்க கவுண்டிக்கும் பொருந்துமா"ன்னு கேட்டார். உத்தரவைச் சேர்ந்து போட்ட ஆறு கவுண்டியில அலமேடாவும் ஒண்ணு, பொருந்தும்னு சொன்னேன்.

மே மாசம், வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்களைக் கூட்டிட்டுப் போக இந்தியா விட்ட வந்தே பாரத் விமானங்கள் தொடங்கினதும் பதிவு பண்ணினோம். அம்மா அப்பா ரெண்டு பேரும் நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தாங்க. எங்க வீட்டுக்கு அதுதான் கணக்கு.

அடுத்து வர்றவங்ககிட்ட எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. டிபி பத்தின விஷயங்களாவது தமிழ், தெலுங்கு, இந்தி, பஞ்சாபியில எல்லா கிளினிக்லயும் கைக்குக் கிடைக்கணும். நோய் வர்ற பெரியவங்கள்ல பலருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

சட்டப்படி:

எவர்கிரீன்_அப்பா எழுப்பின அதிகாரக் கேள்வியை யாரும் முழுசா எடுத்துக்கல. கலிபோர்னியா சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியோட சூப்பர்வைசர் போர்டும் ஒரு ஹெல்த் ஆபீசரை நியமிச்சே ஆகணும், அவர் மருத்துவராத்தான் இருக்கணும். தொற்று பரவாம இருக்கத் தேவையான நடவடிக்கையை எடுக்க அவருக்கு நேரடி அதிகாரம் உண்டு, ஒவ்வொரு உத்தரவுக்கும் போர்டு ஓட்டெடுப்பு தேவையில்லை. ஆனா அவரை நியமிக்கறதும் நீக்கறதும் நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அந்த போர்டோட ஐந்து பேர்தான். டாக்டர் கோடியை அந்த போர்டு நீக்கல.

நீதிமன்றமும் கேள்வி கேட்காம விடல. உள்ளரங்கக் கூட்டம் எதுவுமே கூடாதுங்கற விதியை வழிபாட்டுத் தலங்களுக்கும் சேர்த்துத்தான் கவுண்டி வச்சிருந்தது. எல்லா வகைக் கூட்டத்துக்கும் ஒரே விதிதானேன்னு வாதாடினாங்க. 2021 பிப்ரவரி 26ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல, வழிபாட்டை அனுமதிக்கணும்னு உத்தரவு போட்டது. அது அவங்களுக்கு ஒரு தோல்விதான், மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், மாஸ்க் விதியை மீறிக் கூட்டம் நடத்தின சான் ஹோசே கால்வரி சேப்பல் 12 லட்சம் டாலர் அபராதம் கட்டணும்னு 2023ல இங்கத்த நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அந்த வழக்குகள் பல வருஷம் இழுத்துது.

கோயில்களும் அதே விதியிலதான் இருந்தது. மார்கழி முழுக்க யூடியூப்ல அபிஷேகம் பார்த்தோம். எங்கம்மாவுக்கு அது இன்னைக்கும் குறைதான்.

மௌன்டன்வியூ_ராம்:

சாவு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினாங்க, அதையும் பேசுங்க. அப்புறம் அவங்களே குறைச்சாங்களே?

கணக்குப்பிள்ளை:

குறைச்சாங்க, 2021 ஜூலையில. 22 சதவீதம் குறைஞ்சு 1,696 ஆச்சு. முதல்ல தொற்று இருந்து இறந்த எல்லாரையும் கணக்குல சேர்த்திருந்தாங்க. அப்புறம் இறப்புச் சான்றிதழை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து, கோவிட் ஒரு காரணமா இருந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை நீக்கினாங்க. அலமேடா கவுண்டியும் அதே சமயத்துல இதைச் செஞ்சது. கூட்டிக் காட்டணும்னு நினைக்கிற ஆள் எதுக்கு உட்கார்ந்து குறைக்கணும்? யாரும் கட்டாயப்படுத்தல. தங்களுக்கு எதிரா இதைப் பேசுவாங்கன்னு தெரிஞ்சே வெளியிட்டாங்க.

எதிர்த் திசையிலயும் ஒரு திருத்தம் நடந்தது. முதல் மரணம் 2020 மார்ச் 9னு நினைச்சிருந்தோம். கவுண்டி மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் பழைய இறப்புகளோட திசு மாதிரிகளை சிடிசிக்கு அனுப்பினாங்க. பிப்ரவரி 6ல சான் ஹோசேவுல இறந்த ஒரு பெண்ணுக்கு கோவிட் இருந்ததுன்னு ஏப்ரல்ல முடிவு வந்தது. அப்போதைக்கு அமெரிக்காவுலயே முந்தின மரணம் அதுதான். நோய் பரவலேன்னு நினைச்சுட்டிருந்த வாரங்கள்ல அது நம்ம தெருவுல இருந்திருக்கு. பரிசோதனை பண்ண கிட் கிடையாது, சிடிசி அனுப்பின முதல் கிட்ல கோளாறு. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்த நிலைமையில எடுத்த முடிவு மார்ச் 16.

ஈஸ்ட்சைட்_ஆசிரியை:

இங்க எழுதற பெரும்பாலோர் சன்னிவேல், குபர்டினோ, மில்பிடாஸ். வீட்டுலேர்ந்து வேலை பார்க்க முடிஞ்சவங்க. நான் கிழக்கு சான் ஹோசேவுல பாடம் நடத்தறவ. என் வகுப்புப் பிள்ளைகளோட அப்பா அம்மா கட்டட வேலை, வீடு சுத்தம் பண்றது, கில்ராய் பக்கம் பூண்டு, மிளகாய் அறுவடை. ஒரே வீட்டுல ரெண்டு மூணு குடும்பம் இருப்பாங்க. கவுண்டி மக்கள் தொகையில லத்தீன் மக்கள் கால்வாசிதான், 2020ல தொற்று வந்தவங்கள்ல பாதிக்கு மேல அவங்க. வீட்டோட இருங்கன்னு சொன்ன உத்தரவு நம்மளைக் காப்பாத்தின அளவுக்கு அவங்களைக் காப்பாத்தல.

இதை டாக்டர் கோடி ஒவ்வொரு கூட்டத்துலயும் தானா சொன்னாங்கங்கறதையும் நான் பார்த்திருக்கேன். தொற்று வந்தவங்களுக்குத் தங்க மோட்டல் அறை, வாடகை உதவி எல்லாம் வந்தது. என் மாணவி ஒருத்தி வீட்டுல அப்பா மோட்டல்ல பத்து நாள் இருந்தார், மத்த ஏழு பேருக்கு வரல. ஆனா அந்த உதவி 2020 கோடைக்கு முன்னாடியே எல்லா வீட்டுக்கும் போயிருக்கணும். லீவைஸ் ஸ்டேடியத்துல பெரிய தடுப்பூசி மையம் திறந்தப்போ, கார் இருக்கிறவங்க ஆன்லைன்ல இடம் பிடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. என் பிள்ளைகளோட பெற்றோருக்கு ஊசி அவங்க தெருவுக்கு வந்த பிறகுதான் கிடைச்சது.

கோபத்துல எழுதல. அடுத்து வர்றவர் முதல் நாள்லயே யோசிக்க வேண்டியது இதைத்தான்.

எவர்கிரீன்_அப்பா:

டீச்சர், நீங்க எழுதினதை எங்க வீட்டுல சத்தமா வாசிச்சுக் காட்டினேன்.

என் நிலைப்பாடு மாறல. அவசரக் காலத்துக்கு ஒரு கையெழுத்து போதும். ஆனா ஒரு உத்தரவு இத்தனை நாளைத் தாண்டிப் போகணும்னா போர்டு வெளிப்படையா ஓட்டுப் போட்டு நீட்டிக்கணும். காரணம் எழுத்துல இருக்கணும், பள்ளி யார் பொறுப்பு, கடை யார் பொறுப்புன்னு ஒரே பக்கத்துல இருக்கணும். நல்ல அதிகாரி இருக்கும்போதே இந்த விதியைப் போட்டுக்கணும். அடுத்தடுத்து வர்ற எல்லாரும் இவங்களை மாதிரியே பொறுப்பா இருப்பாங்கன்னு யார் உத்தரவாதம் தருவா?

புது_அம்மா_சான்ஹோசே:

நடுவுல கேட்கறதுக்கு மன்னிக்கணும். பொண்ணு ஆகஸ்ட்ல கிண்டர்கார்டன். ஊர்ல பிறந்தா, பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்டிருக்கோம். டிபி டெஸ்ட் பாசிடிவ் வந்தா அது பிசிஜியாலதான்னு மாமியார் சொல்றாங்க, அப்போ டெஸ்ட்டே வேண்டாமா?

யாழ்_தாதி:

வேண்டாம் எண்டு விடாதேங்கோ தங்கச்சி. தோலில குத்துற பழைய டெஸ்டில பிசிஜியால பிழையா பொசிட்டிவ் வரலாம், அது உண்மை. ரத்தம் எடுத்துச் செய்யிற டெஸ்டில பிசிஜி குழப்பாது. பிசிஜி போட்ட பிள்ளை எண்டு டொக்டரிட்டச் சொல்லி ரத்த டெஸ்டைக் கேளுங்கோ. அதில பொசிட்டிவ் வந்தா நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பினம். எக்ஸ்ரே நல்லா இருந்தா அது உறங்குநிலைதான், மற்றப் பிள்ளையளுக்குத் தொத்தாது, சில மாசம் மருந்து எடுத்தாப் போதும். பிள்ளைக்கு மருந்தை விட்டு விட்டுக் குடுக்காதேங்கோ, அது மட்டும் முக்கியம். ஆகஸ்டில கிளினிக் நிரம்பி வழியும், இப்பவே அப்பாயின்ட்மென்ட் எடுத்திடுங்கோ.

புது_அம்மா_சான்ஹோசே:

ரொம்ப நன்றி அக்கா. இன்னைக்கே போன் பண்றேன்.

சன்னிவேல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. எவர்கிரீன் சார், கால வரம்பு வேணும்னு நீங்க கேட்கறதுல எனக்கு உடன்பாடு உண்டு. மாஸ்க் விஷயத்துல உடன்பாடு இல்லை, அது இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயம் சேர்க்கறேன். 2024 நவம்பர்ல கடையில வித்த காய்ச்சாத பச்சைப் பால்ல பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்ததுன்னு செய்தி வந்துச்சே, அதைக் கண்டுபிடிச்சது நம்ம கவுண்டியோட சொந்த லேப். யாருக்கும் நோய் வர்றதுக்காகக் காத்திருக்காம, கடையில இருந்த பாலை வாங்கிட்டு வந்து பரிசோதிச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் மாநிலம் எச்சரிக்கை விட்டு, அந்தப் பாலைத் திரும்ப எடுக்க வச்சுது. நாம பாலைக் காய்ச்சாமக் குடிக்கறதில்லை, அதனால நம்ம வீடுகள்ல யாரும் கவனிச்சிருக்க மாட்டோம். சாக்கடைத் தண்ணியையும் இதே மாதிரி பார்க்கறாங்க. சான் ஹோசே, பாலோ ஆல்டோ, சன்னிவேல், கில்ராய் நாலு சுத்திகரிப்பு நிலையத்துலயும் மாதிரி எடுத்து வைரஸ் ஏறுதா இறங்குதான்னு இணையத்துல போடறாங்க. டெஸ்ட் கிட் இல்லாமத் தவிச்ச 2020க்கு அவங்க கட்டின பதில் இதெல்லாம்தான்னு நான் பார்க்கறேன்.

இப்போ கவலை என்னன்னா காசு. 2025 மார்ச் மாசம் மத்திய அரசு மாநிலங்களுக்கும் உள்ளூர்த் துறைகளுக்கும் கொடுத்திருந்த சுமார் 1,100 கோடி டாலர் சுகாதார நிதியை ரத்து பண்றதா அறிவிச்சுது. மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 2025ல டெக்ஸஸ்ல தட்டம்மை பரவி 600 பேருக்கு மேல வந்துச்சு, தடுப்பூசி போடாத ரெண்டு பிள்ளைங்க இறந்து போச்சு. அந்த நேரத்துல 27 வருஷ அனுபவம் இருக்கிற ஒருத்தர் வெளிய போயிட்டாங்க. எங்க பெரியவர் மாத்திரை முழுங்கறதைப் பார்த்த அந்த அம்மா மாதிரி ஆளுங்களோட வேலைதான் பட்ஜெட்ல முதல்ல கண்ணுல படும், ஏன்னா அவங்க செய்யறது வெளிய தெரியாது.

சூப்பர்வைசர் போர்டு செவ்வாய்க்கிழமைகள்ல கூடுது, சான் ஹோசேவுல 70 வெஸ்ட் ஹெட்டிங் தெரு. பொதுமக்கள் பேச நேரம் உண்டு, சிட்டிசனா கிரீன் கார்டான்னு யாரும் கேட்கறதில்லை. டிபி பணியாளர்கள், லேப், சாக்கடைத் தண்ணிக் கண்காணிப்பு, இந்த மூணையும் வெட்டாதீங்கன்னு பேசப் போறேன். மீனா சொன்ன மொழிக் கோரிக்கையையும் எழுதி எடுத்துட்டுப் போறேன். யாராவது கூட வர்றீங்களா?

மில்பிடாஸ்_மீனா:

நான் வர்றேன். அந்தத் தமிழ்க் கேள்வி-பதில் இன்னும் போன்ல இருக்கு, பிரின்ட் எடுத்துட்டு வர்றேன்.

எவர்கிரீன்_அப்பா:

நானும் வர்றேன். நான் பேசப் போறது கால வரம்பு பத்தி. பக்கத்துல உட்கார உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா சரி.

சன்னிவேல்வாசி:

ஒரு ஆட்சேபணையும் இல்லை சார், வாங்க. காலையிலயே போய்ப் பேசறவங்க சீட்டை நிரப்பிக் கொடுத்துடணும். பார்க்கிங் கிடைக்கறது கஷ்டம், லைட் ரெயில்ல வந்தா சிவிக் சென்டர் ஸ்டாப்ல இறங்கி நடந்துடலாம்.

ஈஸ்ட்சைட்_ஆசிரியை:

எனக்கு அன்னைக்கு வகுப்பு. நான் சொல்ல வேண்டியதை ஒரு பக்கம் எழுதி அனுப்பறேன், மீனா, நீங்க வாசிச்சுடுவீங்களா?

மில்பிடாஸ்_மீனா:

கண்டிப்பா டீச்சர். அனுப்புங்க.